இரண்டு ஹாரன்

உங்கள் ஜீப் இடது பக்கம் இழுக்கிறது, சார். வரும்போதே கவனித்தேன். உங்கள் டிரைவர் வலது மணிக்கட்டைக் கொஞ்சம் முறுக்கி வைத்துக்கொண்டே ஓட்டுகிறார். அவருக்கே அது தெரியாது. நாளாக நாளாகப் பழகிவிடும், பிறகு தோள்பட்டை வலிக்கிறது என்று வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். பயப்பட ஒன்றும் இல்லை. முதலில் காற்றைப் பாருங்கள். பெரும்பாலும் காற்றுதான்.

காற்று சரியாக இருந்தால் முன்சக்கரம் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர் கோளாறு. மாறாவிட்டால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, சக்கரங்களுக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் அலைன்மென்ட் மெஷின். இந்த வரிசையை நான் ஒருநாளும் மாற்றியதில்லை. மாற்றுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

நீங்கள் கேட்டது இது இல்லை, தெரியும். என் மாமனார் இறந்த விபத்தில் யார் மேலும் குற்றமில்லை என்று முடிவு கட்டி, குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று பட்டறைக்கு வந்தீர்கள். எழுதியதை வாசித்தும் காட்டினீர்கள். நான் கையெழுத்துப் போடாமல் உங்கள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காகிதத்தில் ஒரு பிழை இருக்கிறது, சார். அதைத் திருத்தத்தான் ஸ்டேஷன் வரை வந்தேன்.

பட்டறை மாமாவுடையது. பின்னாலேயே வீடு. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை எனக்குக் கொடுத்தார். பிறகு இளையவளை என் சகலைக்குக் கொடுத்தார். அவனும் மெக்கானிக்தான். மாடியில் நாங்கள், கீழே மாமாவும் அவர்களும். ஒரே அடுப்பு. சண்டை சச்சரவு என்று அக்கம்பக்கத்தில் ஒருவர்கூடச் சொல்ல முடியாது.

மாமா அதிகம் பேச மாட்டார். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டீயரிங், சக்கரம் என்று எந்த வண்டி வந்தாலும், வேலை முடிந்ததும் அவரே எடுத்துக்கொண்டு போவார். பட்டறையை ஒட்டி ஒரு கோடவுன் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் சுவரோரமாக ரோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகப் போகும். அங்கே போய் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொள்வார். வண்டி தானாகச் சுவர் முடிகிற வரை நேராகப் போக வேண்டும். போனால், திரும்பி வரும்போது கேட்டில் இரண்டு ஹாரன் அடிப்பார். போகாவிட்டால் சத்தமே இல்லாமல் உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அதற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அந்த இரண்டு ஹாரன் கேட்டால், அந்த வண்டியில் வேலை பார்த்தவன் அன்றைக்குத் தலை நிமிர்ந்து நடக்கலாம். பாராட்டு, தட்டிக்கொடுப்பது எல்லாம் அந்தப் பட்டறையில் அவ்வளவுதான். வெகு காலம் அந்த ஹாரன் எனக்குத்தான் அடித்தது. என் மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாலும் காதில் விழுந்துவிடும். சாயங்காலம் நான் கைகழுவும்போது, "இன்னிக்கு உங்க வண்டியா?" என்பாள். நான் ஆமாம் என்று தலையசைப்பேன். அது போதும் எனக்கு. நான் பேராசைக்காரன் இல்லை.

பிறகு சகலை வந்தான்.

அவன் கெட்டவன் என்று நான் சொல்லவே மாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். குடி கிடையாது, புறம் பேச மாட்டான், என்னை வாய் நிறைய அண்ணே என்பான். அவன் வேலை பார்க்கும் விதம்தான் எனக்கு ஆகவில்லை. ஒரு வண்டி இழுக்கிறது என்று வந்தால் ஒரு விரலால் ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வருவான். இறங்கும்போதே, "காத்து இல்ல, டயர் இல்ல, அந்தப் பக்கம் ரப்பர் புஷ் போச்சு" என்பான். வரிசை கிடையாது, முறை கிடையாது, எல்லாம் குத்துமதிப்பு. பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். அதுதான், சார், எனக்குப் பொறுக்கவில்லை. படிப்படியாக ஏறி வந்தவன் மேலே போய்ப் பார்த்தால், அங்கே ஒருவன் முன்னமே உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருக்கிறான்.

மாமாவுக்கு அவனை ஏன் அவ்வளவு பிடித்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவன் சிரிக்க வைத்தான். மாமியார் போன பிறகு அப்பா சிரிப்பதையே விட்டுவிட்டார் என்று என் மனைவி சொல்வாள். மாமாவுக்குப் பல் வரிசை அவ்வளவு நன்றாக இருக்கும் என்பதே சகலை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆபீஸ் அறையில் மாமாவுக்கு ஒரு சுழல் நாற்காலி உண்டு. ஒருநாள் பார்க்கிறேன், சகலை அதில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே ஏதோ கதை சொல்கிறான். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுந்திரு என்று சொல்லவில்லை. அத்தனை வருஷத்தில் நான் அந்த நாற்காலியின் கைப்பிடியைக்கூடத் தொட்டதில்லை.

என் மனைவிகூட ஒருநாள், "அவர் பேசினா நேரம் போறதே தெரியல" என்றாள். என்னைப் பற்றி அவள் அப்படிச் சொன்னதில்லை. என்னோடு இருக்கும்போது அவளுக்கு நேரம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

பொறாமை என்று எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. எழுதுங்கள். வயிறு எரிந்தது உண்மைதான், அதை மறைக்க நான் இங்கே வரவில்லை. ஆனால் பொறாமை என்பது அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படுவது. அந்த ஹாரன் என் பொருள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவன் எடுத்துக்கொண்டு போனால், அதற்கு வேறு பெயர் இருக்க வேண்டும்.

மாமாவின் காருக்கு வருகிறேன். பழைய கார். அவருக்கு உயிர். அது இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். நானும் சகலையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவர் கார் என்றால் எப்போதும் நான்தான். அதனால் கையை நீட்டினேன். "சின்ன மாப்ள, என்னன்னு பாரு" என்று சாவி என் கையைத் தாண்டிப் போய்விட்டது. நீட்டிய கையை என்ன செய்வது. அதை வைத்துத் தலையைச் சொறிந்துகொண்டேன்.

சகலை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். "டயர் ஒரு மாதிரி தேஞ்சிருக்கு மாமா, மெஷின்ல வச்சா சரியாயிடும்" என்றான். மெஷினில் வைத்தான். திரையில் சிவப்பாக இருந்ததெல்லாம் பச்சையாகும் வரை திருகினான். அடியில் பார்க்கவில்லை. மாமா எடுத்துக்கொண்டு கோடவுன் சுவருக்குப் போனார். நான் ஒரு நட்டைக் கழற்றுகிற மாதிரி பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஹாரன் வரவில்லை. கார் சத்தமில்லாமல் உள்ளே வந்து நின்றது.

"இன்னும் லேசா இழுக்குதே."

"நாளைக்கு முதல் வேலையா லிஃப்ட்ல தூக்கிப் பாத்துடறேன் மாமா."

எனக்கு ஒரு நிம்மதி. அதோடு அந்தக் காரை ஒரு பார்வையும் பார்த்தேன். இடது முன்சக்கரம் மட்கார்டுக்கு நடுவில் இல்லை. ஒரு விரல்கனம் பின்னால் தள்ளியிருந்தது. வலது பக்கம் போய்ப் பார்த்தேன், நடுவில் இருந்தது. அப்போதே மூக்கு வேர்த்துவிட்டது.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் காரைத் தூக்கினேன். ஒவ்வொரு சக்கரத்தையும் கீழே ஒரு இரும்புக் கை வண்டியோடு பிடித்துக்கொண்டிருக்கும். ஆர்ம் என்போம். இடது பக்க ஆர்மில், பின்பக்கம் போல்ட் போகும் துளைக்குப் பக்கத்தில், காய்ந்த சேற்றைத் துணியால் துடைத்தேன். பீங்கான் கோப்பையில் விழுகிற மாதிரி மெல்லிசாக ஒரு விரிசல். அதிலிருந்து துரு கசிந்து ஒரு கோடு. இரும்பு விட்டுக்கொடுக்கிறது, சக்கரம் பின்னால் போகிறது, வண்டி இடது பக்கம் சாய்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அந்த ஆர்ம் உடைந்தால் சக்கரம் அடியில் மடங்கும். பிரேக் பலமாக அழுத்தும்போதுதான் அதற்குப் பாரம் அதிகம். இதெல்லாம் எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது என் தொழிலுக்கே அவமானம்.

அப்போது என்ன தோன்றியது என்று கேட்பீர்கள். சந்தோஷம், சார். வரிசைப்படி பார்த்தவனுக்குத்தான் கிடைத்தது என்று ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் துணியை மடித்து வைப்பதற்குள் போய்விட்டது. நாளைக்குக் காலையில் சகலை தூக்கிப் பார்ப்பான். அவனும் குருடன் இல்லை. பார்த்ததும் மாமா என்று கத்துவான். மாமா ஓடிவருவார். சின்ன மாப்ள என் உயிரைக் காப்பாத்தினான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். நான் கண்டுபிடித்தது, அவன் கணக்கில். அப்போதே வீட்டுக்குள் போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மாமா அரைத் தூக்கத்தில் இருக்கும்போது சொன்னால், "ஓ, அப்படியா, மாத்திடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவார். அது அப்படிப் போகிற விஷயம் இல்லை. எல்லாரும் கூடியிருக்கும்போது, காரைத் தூக்கி, பேசாமல் துணியால் ஒரு துடை. அவ்வளவுதான். அதற்கு ஒரு நாள் வரும் வரை விரிசலை வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

அதனால் சேற்றை எடுத்துக் கட்டைவிரலால் மறுபடி பூசினேன்.

அது மட்டும் போதாது. வண்டி இழுக்கிற வரை சகலை விட மாட்டான். நேராக ஓடுகிற வண்டியை யாரும் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். வலது முன்சக்கரத்தின் தலையை ஒரு மயிரிழை வெளியே சாய்த்தேன். சக்கரம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ, வண்டி அந்தப் பக்கம் போகப் பார்க்கும். இடது பக்கம் இழுக்கிற அளவுக்குச் சரியாக வலது பக்கமும் இழுத்தால், வண்டி நடுவில் நேராகப் போகும். சொல்ல எளிது. கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. மெஷினைப் போட்டால் யாராவது வந்து எட்டிப்பார்ப்பார்கள் என்று கண்ணாலும் விரலாலுமே வைத்தேன். கோடவுன் சுவர் வரை ஓட்டி, கையை விட்டுப் பார்த்தேன். கோடு கிழித்த மாதிரிப் போனது. என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. திரும்பி வரும்போது ஹாரனைப் பார்த்தேன். அது மாமா அடிக்க வேண்டியது. நான் அடிக்கவில்லை.

சாயங்காலம் மாமா ஏதோ வாங்க அந்தக் காரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பும்போது கேட்டில் இரண்டு ஹாரன். பட்டறையே நிமிர்ந்து பார்த்தது. மாமா இறங்கி, கதவைக்கூடச் சாத்தாமல் வந்தார்.

"சின்ன மாப்ள, என்னய்யா பண்ணின? பட்டு மாதிரி போகுது."

சகலை கையைத் துடைத்துக்கொண்டே முழித்தான். "காலைல மெஷின்ல வச்சதுக்கப்புறம் நான் கையே வைக்கலயே மாமா. நாளைக்குத்தான் தூக்கலாம்னு இருந்தேன்."

மாமா என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா பெரிய மாப்ள? செஞ்சுட்டுச் செய்யலங்கறான். இந்த அடக்கம் யாருக்கு வரும்?"

"யாருக்கும் வராது மாமா" என்றேன்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் சகலை என்னிடம் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, தானா எப்படிச் சரியாகும்? எனக்கு என்னவோ உதைக்குது. எதுக்கும் நாம ரெண்டு பேருமா ஒருக்கா தூக்கிப் பாத்துடலாமா?" என்றான். நல்ல கேள்வி. அவன் அதுவரை கேட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். நான் அவன் தோளில் கையைப் போட்டு, "நேரா ஓடுற வண்டியப் போய் நோண்டாத. நீ மெஷின்ல வச்சது ஓட ஓடச் சரியா உக்காந்திருக்கும்" என்றேன். "நீங்க சொன்னா சரிண்ணே" என்று போய்விட்டான். அவன் ஒரு விஷயத்தில் குத்துமதிப்பை விட்டுவிட்டு என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்து வந்த நாட்களில் மாமா எங்கே போனாலும் அந்தக் காரின் பேச்சுதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கும் முடியல. வர்ற ஒண்ணாந்தேதியிலேர்ந்து பட்டறையச் சின்ன மாப்ள பாத்துக்கட்டும். பெரிய மாப்ள கூட இருந்து பாத்துப்பார்." கூட இருந்து. என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கையை நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று பிசைந்துகொண்டே இருந்தேன். சகலை பாவம், "அண்ணன் இருக்கும்போது நான் எதுக்கு மாமா" என்றுதான் சொன்னான். அதற்கும் மாமா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

அன்று எனக்கு நாள் கிடைத்துவிட்டது. ஒண்ணாந்தேதி எல்லாரும் கூடுவார்கள். மாமா சாவிக்கொத்தை அவன் கையில் கொடுக்கப் போகிற நேரத்தில், ஒரு நிமிஷம் மாமா, உங்க காரைக் கொஞ்சம் தூக்கறேன் என்பேன். துணி, துடை. படுக்கையில் கண்ணை மூடினால் அந்தத் துணிதான் தெரியும். யார் எங்கே நிற்பார்கள், சகலை முகம் எப்படிப் போகும், மாமா என்னைப் பார்த்து என்ன சொல்வார் என்பது வரை முடிவு செய்துவிட்டேன். அவர் எதுவும் சொல்ல மாட்டார். காருக்குள் கையை விட்டு இரண்டு ஹாரன் அடிப்பார்.

ஒண்ணாந்தேதி வருவதற்கு முன்னால் மாமாவின் அக்கா வழுக்கி விழுந்துவிட்டதாகப் பக்கத்து ஊரிலிருந்து செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா கிளம்பினார். இரண்டு பெண்களும் அத்தையைப் பார்க்க வருகிறோம் என்றார்கள். சகலை அவசர வேலையாக ஒரு லாரிக்கு அடியில் கிடந்தான். நான் வழியனுப்ப வாசலுக்குப் போனேன்.

என் மனைவிக்குக் காரில் போனால் குமட்டும். அதனால் எப்போதும் முன்னால்தான் உட்காருவாள். அன்றைக்கும் முன்கதவைத் திறந்தாள். அது இடது பக்கம்.

"நீ பின்னாடி உக்காரு. அப்பாவுக்குப் பின்னால" என்றேன்.

"எனக்குக் குமட்டும்ங்க."

"ஜன்னலைத் திறந்து வச்சுக்கோ. தங்கச்சிக்கு முதுகுவலின்னு சொன்னாளே, அவ கால நீட்டி உக்காரட்டும்."

மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எங்கே உட்கார வேண்டும் என்றெல்லாம் நான் அவளிடம் சொன்னதே இல்லை. கொழுந்தியாள், "அக்காவ விட அத்தானுக்கு என் மேலதான் பாசம்" என்று சிரித்துக்கொண்டே முன்னால் ஏறிக்கொண்டாள். நான் கதவைச் சாத்திவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. மனைவி மேல் அக்கறை இல்லாதவனுக்கு இதெல்லாம் தோன்றுமா. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரியும். ஆனால் வாசலில் வைத்துச் சொன்னால் யார் பார்ப்பார்கள். கேட்டுக்கு உள்ளே நானும் மூன்று பேரும்தான். சகலை லாரிக்கு அடியில். ஒரு பயணம் தாங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். பெரிய ரோட்டில், சிறுபாலத்துக்கு முன்னால் ஒரு லாரி திடீரென்று வேகம் குறைத்திருக்கிறது. மாமா பிரேக்கை மிதித்திருக்கிறார். இடது சக்கரம் மடங்கியது. பாலத்துச் சுவர். மாமா அங்கேயே போய்விட்டார். கொழுந்தியாளுக்கு இடுப்பு நொறுங்கிவிட்டது, இன்னும் படுக்கையில்தான் இருக்கிறாள், நடப்பாளா என்று டாக்டர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். என் மனைவிக்கு நெற்றியில் தையல். அவ்வளவோடு தப்பித்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சகலை சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான். "நான் தூக்கிப் பாத்திருக்கணும்ணே. நீங்க வேணாம்னு சொன்னாலும் பாத்திருக்கணும்." நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மாமா போய்விட்டார் என்ற துக்கம் எனக்கும் இருந்தது. நான் அவருக்கு மகன் மாதிரி. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் அன்றைக்கு என் மனது லேசாகவும் இருந்தது. இனி சகலை தொட்ட வண்டியில் யாரும் நம்பி ஏற மாட்டார்கள் என்று நினைத்தேன்.

பிறகு நீங்கள் அந்த இன்ஸ்பெக்‌ஷன் இன்ஜினீயரை அழைத்து வந்தீர்கள். நானும் சகலையும் பக்கத்தில் நின்றோம். அவர் கார் அடியில் வெகுநேரம் படுத்துக் கிடந்தார். வெளியே வந்து, விரிசல் சேற்றுக்குள் மறைந்திருக்கிறது, யார் கண்ணுக்கும் பட்டிருக்காது, யாரையும் குறை சொல்ல முடியாது என்றார். சரி என்று நின்றேன். அவர் அதோடு விட்டிருக்கலாம். வலது சக்கரத்தைக் காட்டி, "இந்தப் பக்கம் வச்சிருக்கான் பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம். அந்தப் பக்கம் அவ்வளவு மோசமா இருந்தும் வண்டிய நேரா ஓட வச்சிருக்கான். இந்தக் கைக்குத் தங்கக் காப்புப் போடணும். யாரு செட் பண்ணது?" என்று கேட்டார்.

எல்லாரும் சகலையைப் பார்த்தார்கள். நான் ஒருவன்தான் பார்க்கவில்லை. அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எனக்குத் தெரியாது சார் என்றுகூடச் சொன்னான். அழுகையில் சொன்னது யார் காதில் ஏறும். இன்ஜினீயர் அவன் தலையைத் தடவி, "உன் மேல தப்பே இல்லப்பா" என்றார்.

இப்போது தெருவில் என்ன பேச்சு தெரியுமா, சார். பெரியவர் போனாலும் சின்ன மாப்பிள்ளை கைவண்ணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்கிறார்கள். பட்டறை வாசலில் அவனைத் தேடித்தான் வண்டிகள் நிற்கின்றன. அவன் வேலைக்கே வரவில்லை, மனைவி கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறான். நான் பார்க்கிறேன் என்றாலும், பரவாயில்லை, அவர் வரட்டும் என்கிறார்கள்.

இதையும் பொறுத்திருப்பேன். என் மனைவிக்குத் தையல் பிரித்த அன்று, அவள் அப்பாவின் கடைசி நேரத்தை என்னிடம் சொன்னாள். அதுவரை அதைப் பேசாமலே இருந்தாள். பெரிய ரோட்டுக்கு வந்ததும் மாமாவுக்கு ஒரே குஷியாம். முன்னால் பின்னால் வண்டியே இல்லை. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டாராம். "பாருங்கடி, எப்படிப் போகுதுன்னு. சின்னவன் கை வச்ச வண்டி" என்றாராம். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு, அந்த வெறும் ரோட்டில் இரண்டு ஹாரன் அடித்தாராம். அதைச் சொல்லும்போது என் மனைவியும் அழுகையோடு சிரித்தாள். அதற்கப்புறம்தான் லாரி.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்தத் துணி வருவதில்லை. ஹாரன்தான் கேட்கிறது.

தாங்கும் என்று நினைத்தாயா என்று நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. முதலில் அப்படித்தான் சொன்னேன். அது சரியில்லை, திருத்திவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, மாமா குளித்துக்கொண்டிருந்தபோது நான் காரைத் தூக்கிப் பார்த்தேன். கோடு துளையைத் தாண்டிப் போயிருந்தது. விரிசலுக்குள் நகம் போனது. அது ஊர் போய்ச் சேராது என்று எனக்குத் தெரியும். இடது பக்கம் அதிகம் விட்டுக்கொடுத்திருந்ததால் வண்டி மறுபடி லேசாக இழுக்க ஆரம்பித்திருந்தது. அதனால் சேற்றைப் பூசிவிட்டு, வலது பக்கத்தை இன்னும் ஒரு மயிரிழை சாய்த்து வைத்தேன். நான் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் மாமா தெருமுனை தாண்டுவதற்குள் கண்டுபிடித்துத் திரும்பி வந்திருப்பார். அவர் கைக்கு அது தெரியாமல் போகாது. இழுக்கிற வண்டியை அவர் பெரிய ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறவர் இல்லை. அவரைத் திரும்ப விடாமல் செய்தது அந்த வேலைதான். மனைவியை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று அப்போதே யோசித்துவிட்டேன்.

இப்போது அந்தக் காகிதத்தை எடுங்கள். வண்டியைத் திறம்படச் சீரமைத்தவர் இளைய மருமகன் என்று ஒரு வரி வாசித்தீர்களே, அதுதான் பிழை. அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த இன்ஜினீயரையும் கூப்பிடுங்கள். எந்தப் போல்ட்டை எவ்வளவு திருகினேன் என்று அவர் முன்னால் செய்து காட்டுகிறேன், அவனால் முடியாது, கேட்டுப் பாருங்கள். உங்கள் ஜீப்பையும் பட்டறைக்கு அனுப்பினால் பார்த்து வைக்கிறேன்.

மாமாவுக்குத் தெரியாமலே போய்விட்டது, அதுதான் எனக்கு ஒரே வருத்தம். அந்த ரோட்டில் அவர் அடித்த இரண்டு ஹாரனும் என்னுடையவை.